பழகிய ஆளை மாற்றிவிட்டார்கள்! வேலரன்ட் விளையாட்டில் ஒரு பேட்ச் செய்த வேலை

கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். படிப்புக்கு வேண்டும்! எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2020, ஊரடங்கு நேரம். தம்பி கல்லூரியில் சேர்ந்த வருடம். வகுப்புகள் எல்லாம் ஆன்லைனில் நடந்தன. கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அப்பா, ஓர் அறுவடைப் பணத்தில் பெரும்பகுதியை எடுத்து அவனுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தார். நான் இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அலுவலகத்தை மூடிவிட்டதால் ஊருக்கே வந்து, வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டெஸ்க்டாப்பில் முதல் வருடம் வகுப்பு ஓடியது. அடுத்த வருடம் வேலரன்ட் ஓடியது.

அந்த விளையாட்டில் வந்த ஒரு மாற்றத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. முன்பு சிடி-யில் கேம்ஸ் வாங்கி விளையாடியவர்களுக்குத் தெரியும். இன்ஸ்டால் செய்த அன்று எப்படி இருந்ததோ, பத்து வருடம் கழித்துப் போட்டாலும் அப்படியே இருக்கும். ஆன்லைன் விளையாட்டு அப்படிக் கிடையாது. நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். நிறுவனம் அனுப்பும் பேட்ச்சை நிறுவினால்தான் இணையவே விடும். நேற்று இரவு வரை உங்கள் விரல்களுக்குப் பழகியிருந்த ஒரு வித்தை, இன்று காலை பேட்ச் இறங்கியதும் வேறு மாதிரி ஆகியிருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என்ன விளையாட்டு இது?

வேலரன்ட் 2020 ஜூன் 2-ம் தேதி வெளியானது. அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. விளையாடக் காசு கிடையாது. அணிக்கு ஐந்து பேர் வீதம் இரண்டு அணிகள். ஓர் அணி 'ஸ்பைக்' என்ற குண்டைக் குறிப்பிட்ட இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மற்ற அணி அதைத் தடுக்க வேண்டும். வைத்துவிட்டால் 45 விநாடியில் வெடித்துவிடும். செயலிழக்கச் செய்ய முழுதாக 7 விநாடி பிடிக்கும். ஒரு ரவுண்டு 100 விநாடி. 12 ரவுண்டு முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். 13 ரவுண்டு ஜெயிப்பவர்களுக்கு வெற்றி. ஒவ்வொரு ரவுண்டின் தொடக்கத்திலும் கையில் இருக்கும் 'கிரெடிட்' என்ற விளையாட்டுப் பணத்தைக் கொண்டு துப்பாக்கியும் கவசமும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்கள் "இதுவும் அதேதானே" என்பார்கள். கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் எங்கே என்றால், இங்கே நீங்கள் 'ஏஜென்ட்' என்ற ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஜென்ட்டுகள் நான்கு வகை. முன்னால் பாய்ந்து சண்டை போடும் டூயலிஸ்ட். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று துப்பு பார்த்துக் கதவைத் திறந்துவிடும் இனிஷியேட்டர். புகையும் சுவரும் எழுப்பி எதிரியின் கண்ணை மறைக்கும் கன்ட்ரோலர். ஓரிடத்தைக் காவல் காக்கும் சென்டினல். ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் நான்கு தனித் திறன்கள் உண்டு. கீ போர்டில் சி, க்யூ, ஈ, எக்ஸ் ஆகிய நான்கு கீகளில் அவை உட்கார்ந்திருக்கும். எக்ஸ் கீயில் இருப்பதுதான் பெரிய திறன். அது நினைத்தபோதெல்லாம் கிடைக்காது, புள்ளிகள் சேர்ந்தால்தான் கிடைக்கும்.

நான் எடுத்துக்கொண்டது சேஜ். மருத்துவம் பார்ப்பாள், பனிச்சுவர் எழுப்புவாள், செத்தவரை எழுப்புவாள். சண்டையில் அவ்வளவு சாமர்த்தியம் இல்லாதவர்களுக்கு ஏற்ற ஏஜென்ட். தம்பி பல பேரை மாற்றி மாற்றிப் பார்த்தான். 2021 நவம்பரில் சேம்பர் வந்ததும் அவனுடைய தேடல் முடிந்தது.

கோட் சூட் போட்ட காவல்காரர்

சேம்பர் பிரெஞ்சுக்காரர். சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார். வகை, சென்டினல். எதிரி வந்தால் காட்டிக்கொடுத்து அவன் நடையை மந்தமாக்கும் ஒரு பொறி, அதன் பெயர் ட்ரேட்மார்க். ஹெட்ஹன்டர் என்ற கைத்துப்பாக்கி, தோட்டா ஒன்றுக்கு இத்தனை கிரெடிட் என்று கணக்கு. எக்ஸ் கீயில் டூர் டி ஃபோர்ஸ் என்ற பெரிய ஸ்னைப்பர் துப்பாக்கி. இவற்றையெல்லாம் விட முக்கியமானது ராண்டேவூ. தரையில் இரண்டு வளையங்களை வைத்துவிட்டால், ஒன்றின் அருகில் நின்று கீயை அழுத்திய மறுகணம் மற்றதில் போய் நிற்கலாம். மூலையில் நின்று ஒரு குண்டு சுடு, பட்டாலும் படாவிட்டாலும் பறந்துவிடு. எதிரி திருப்பிச் சுடும்போது அங்கே ஆள் இருக்காது.

தம்பிக்கு இது ஏன் இவ்வளவு பிடித்தது என்பதற்கு எங்கள் ஊரின் இணைய இணைப்பு ஒரு காரணம். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

நீங்கள் மவுஸை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரத்தை 'பிங்' என்பார்கள். மில்லி விநாடியில் அளப்பார்கள். ஆயிரம் மில்லி விநாடி சேர்ந்தது ஒரு விநாடி. பிங் குறைவாக இருந்தால் நல்லது. வேலரன்ட் வந்த புதிதில் நம் நாட்டவர்கள் சிங்கப்பூர் சர்வரை நம்பித்தான் ஆடினார்கள். 2020-லேயே மும்பையில் சர்வர் வைத்தார்கள். கம்பத்திலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். ஆனால் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. எத்தனையோ ஊர் சுற்றிப் போகும். எங்கள் வீட்டில் காலையில் 60 மில்லி விநாடி காட்டும். இரவு எட்டு மணிக்கு ஊரே படம் பார்க்க உட்காரும்போது 90, 100 என்று ஏறிவிடும்.

இந்த மாதிரி விளையாட்டில், மூலையில் அசையாமல் நிற்பவரைவிட மறைவிலிருந்து வெளியே பாய்கிறவர்தான் எதிராளியை ஒரு நொடித்துளி முன்னால் பார்ப்பார். பாய்கிறவர் நகர்ந்துவிட்டார் என்ற செய்தி சர்வருக்குப் போய், அங்கிருந்து நிற்பவரின் கம்ப்யூட்டருக்கு வந்து சேரத் தாமதமாகும் அல்லவா? அதனால்தான். பிங் அதிகமாக அதிகமாக இந்த இடைவெளியும் பெரிதாகும். அதாவது, காவலுக்கு நிற்கும் கம்பத்துப் பையன் எதிரியைப் பார்ப்பதற்குள் எதிரி அவனைப் பார்த்து முடித்திருப்பான். சேம்பரை எடுத்தால் இந்தக் குறை பாதி மறைந்துவிடும். பாய்கிறவன் குறி வைப்பதற்குள் தம்பி அங்கே இருக்க மாட்டான். பெங்களூரிலும் மும்பையிலும் 20, 30 பிங்கில் ஆடுகிறவர்களோடு அவன் சரிக்குச் சமமாக நின்றது இந்த ஒரு கீயின் தயவில்தான்.

ஒரு வருடம் கிட்டத்தட்ட தினமும் ஆடினான். எந்த மேப்பில் வளையத்தை எங்கே வைத்தால் எதிரிக்குத் தெரியாது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தான். கல்லூரிப் பாடத்துக்கு அப்படி ஒரு நோட்டு அவன் போட்டு நான் பார்த்ததில்லை.

2022-ன் நடுவில் அலுவலகம் திறந்து நான் பெங்களூர் போய்விட்டேன். அறையில் சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கி வைத்துக்கொண்டேன். (அலுவலக லேப்டாப்பில் கேம்ஸ் போடாதீர்கள். மாட்டினால் வேலைக்கே ஆபத்து!) இரவு ஒன்பதரைக்கு ஹெட்செட்டை மாட்டினால் தம்பி குரல் வரும். செத்துப்போனால் அடுத்த ரவுண்டு வரை சும்மாதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவன் வீட்டுக் கதை, கல்லூரிக் கதை எல்லாம் சொல்வான். இரண்டாம் வருடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது, அது நடக்காமல் போனது, இன்ஜினியரிங்கே தனக்குச் சரியில்லையோ என்ற பயம் எல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. போனில் அம்மா பக்கத்தில் இருப்பார், "நல்லா இருக்கேண்ணே" என்பதோடு முடிந்துவிடும்.

முதலில் ஜெட், பிறகு சேம்பர்

2022 ஏப்ரலில் ஜெட் என்ற டூயலிஸ்டை மாற்றினார்கள். அதுவரை அவள் கீயை அழுத்திய கணமே காற்றாகப் பாய்ந்து தப்பித்துவிடுவாள். மாற்றத்துக்குப் பின், முதலில் ஒருமுறை அழுத்தித் தயார் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு 12 விநாடிக்குள் மட்டும் பாயலாம். ஜெட் ஆடுகிறவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். தம்பிக்குத்தான் கொண்டாட்டம். "இத்தனை நாளா என்னா ஆட்டம் ஆடுனாய்ங்க, இப்ப வரச் சொல்லுண்ணே" என்றான்.

ஆகஸ்டில் அவன் முறை வந்தது. 5.03 என்ற பேட்ச். ஹெட்ஹன்டர் தோட்டா விலை 100 கிரெடிட்டிலிருந்து 150 ஆனது. முதல் ரவுண்டில் எல்லோர் கையிலும் இருப்பது 800 கிரெடிட்தான். பழைய விலையில் எட்டுத் தோட்டாவும் வாங்கிவிடலாம், புதிய விலையில் ஐந்துதான். ராண்டேவூவை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம் 20 விநாடியிலிருந்து 30 ஆனது. எதிரி வளையத்தை உடைத்துவிட்டால் 45. பொறியில் சிக்கியவன் மந்தமாக நடக்கும் நேரம் 9.5 விநாடியிலிருந்து 6 ஆகக் குறைந்தது. முணுமுணுத்தான், ஆனாலும் சமாளித்தான். செப்டம்பரில் இஸ்தான்புல்லில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியைச் சேர்ந்தே பார்த்தோம். பிரேசிலின் லவுட் அணி வென்றது. அங்கேயும் ஆட்டத்துக்கு ஆட்டம் சேம்பர்தான் வந்துகொண்டிருந்தார். "பாத்தியா, நான் சரியாத்தான் புடிச்சிருக்கேன்" என்றான்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. விலையை ஏற்றியும் எல்லோரும் வாங்குகிறார்கள் என்றால் அடுத்தது என்ன வரும் என்று ஊகிக்க மென்பொருள் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அக்டோபரில் ஹார்பர் என்ற ஏஜென்ட் வந்தார். தண்ணீரை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர். கதைப்படி இந்தியர், பெயர் வருண் பத்ரா. நம் நாட்டு ஏஜென்ட் என்று தம்பியின் நண்பர்கள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள். தம்பி இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு சேம்பரிடமே திரும்பிவிட்டான்.

டிசம்பர் பேட்ச்

2022 டிசம்பர் முதல் வாரம். பேட்ச் 5.12. மற்ற ஏஜென்ட்டுகளுக்கும் அதில் மாற்றங்கள் உண்டு. எங்கள் வீட்டில் பேசப்பட்டது ஒன்றே ஒன்றுதான்.

இரண்டு வளையம் என்பது ஒன்றானது. எங்கே நின்றாலும் அந்த ஒரு வளையத்துக்குத்தான் திரும்ப முடியும். அதற்கு ஈடாக, எவ்வளவு தூரத்திலிருந்து திரும்பலாம் என்பதை 18 மீட்டரிலிருந்து 26 மீட்டராகக் கூட்டினார்கள். மேல்தளம், கீழ்த்தளம் என்ற தடையையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் திரும்பிய பின் துப்பாக்கி கையில் தயாராக 0.4 விநாடி ஆனது, இனி 0.7 விநாடி. வளையத்தை எதிரி உடைத்துவிட்டால் அந்த ரவுண்டு முழுவதும் அது கிடையாது. உடைப்பதும் எளிது, அதன் வலு 80-லிருந்து 50 ஆனது.

பொறிக்கும் தூர எல்லை வந்தது. சேம்பர் விலகிப் போனால் பொறி தூங்கிவிடும், அருகில் வந்தால் விழித்துக்கொள்ளும். பதிலுக்கு, ரவுண்டின் நடுவிலேயே அதைத் திரும்ப எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்றார்கள். பெரிய ஸ்னைப்பரின் சுடும் வேகத்தை 57.5 சதவீதம் குறைத்தார்கள். மந்தமாக்கும் நேரம் 6-லிருந்து 4 விநாடி.

படிக்கும்போது 0.3 விநாடி கூடியதெல்லாம் ஒரு மாற்றமா என்று தோன்றும். கண்ணில் ஒன்று பட்டு விரல் அசைய மனிதனுக்கு ஆகும் நேரமே சுமார் கால் விநாடிதான். எதிரி உங்களைப் பார்த்து, குறி வைத்து, சுட்டு முடிக்கும் நேரத்தைத்தான் அந்த 0.3 விநாடி அவனுக்குப் பரிசாகக் கொடுத்தது. தம்பிக்கு 90 பிங் வேறு.

அன்று இரவு ஐந்து ஆட்டம் ஆடினோம், ஐந்தும் தோல்வி. விரல் பழைய இடத்துக்கே போனது. இரண்டாவது வளையத்தை வைக்கக் கீயை அழுத்துவான், அப்படி ஒன்று இருக்காது. நின்ற இடத்திலேயே சாவான். கடைசி ஆட்டம் முடிந்ததும் "அண்ணே, சேம்பர முடிச்சுட்டாய்ங்க" என்றான். அவ்வளவுதான். மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நோட்டைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டதாக அம்மா சொன்னார்.

மாற்றியவர்கள் பக்கமும் இருக்கிறது

தம்பி மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. ஆனாலும் அந்த மாற்றம் தேவையில்லாதது என்று சொல்ல மாட்டேன். சென்டினல் என்றால் காவல்காரர். சேம்பர் காவலையும் பார்த்துக்கொண்டு, சண்டைக்காரர்களைவிட நன்றாகச் சண்டையும் போட்டார். அப்படி இருந்தால் மற்ற சென்டினல்களை யார் எடுப்பார்கள்? எதிரணியில் சேம்பர் வந்தபோதெல்லாம் சேஜ் ஆடிய நானே பல்லைக் கடித்திருக்கிறேன். சுட்டுவிட்டு மறைகிறவரை எதிர்த்து ஆடுவதில் ஒரு சுவாரசியமும் கிடையாது.

இன்னொரு விஷயம். நானும் தினமும் மற்றவர்களின் கையைப் பழக்கத்திலிருந்து மாற்றுகிற வேலையைத்தான் செய்கிறேன். நாங்கள் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். பழைய பதிப்பில் எஃப்8 கீயை அழுத்தினால் பில் பிரிண்ட் ஆகும். புதிய பதிப்பில் அந்தக் கீயை வேறு வேலைக்குக் கொடுத்தோம். காரணம் நியாயமானதுதான், கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். ஒரு கடையில் கணக்கு எழுதும் பெரியவர் போன் செய்து, "தம்பி, எட்டு வருசமா கண்ணை மூடிக்கிட்டு அழுத்துன கீ" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

எனக்கு டிசம்பர் பேட்ச்சில் இருக்கும் குறை, ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததுதான். வளையத்தை மட்டும் முதலில் மாற்றியிருக்கலாம். ஒரு மாதம் கழித்து ஸ்னைப்பரில் கை வைத்திருக்கலாம். எது வேலை செய்தது, எது அதிகப்படி என்று நிறுவனத்துக்கும் தெரிந்திருக்கும், ஆடுகிறவர்களுக்கும் பழக நேரம் கிடைத்திருக்கும். ஸ்னைப்பரின் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது எனக்கு இன்றும் அதிகமாகத்தான் படுகிறது.

இந்தப் புலம்பல் வேலரன்ட்டோடு பிறந்ததும் அல்ல. 2004-ல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என்று வகுப்புகள் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஏராளமான திறன்கள். வருடா வருடம் சேர்த்துச் சேர்த்துக் கீ போர்டில் இடமே இல்லாமல் போயிற்று. 2014-ல் வந்த பதிப்பில் நிறையத் திறன்களை வெட்டி எறிந்தார்கள். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் நம் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த கவாத்துதான்! ஆறு வருடம் கழித்து 2020-ல் வந்த பதிப்பில் வெட்டியதில் சிலவற்றைத் திரும்பக் கொடுத்தார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். "கவாத்து பண்ணா நாலு மாசத்துல காய் பறிக்கலாம். இவிங்க ஆறு வருசமா என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

யானை வந்த சனிக்கிழமை

தம்பி ஆட்டத்தை விட்டது நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் வருடம், படிக்கட்டும். பிறகுதான் அவனோடு பேச்சே நின்றுபோனது உறைத்தது. போன் செய்தால் "நல்லா இருக்கேண்ணே". பிப்ரவரியிலும் அதே. மார்ச்சில் அம்மா சொல்லித்தான் தெரியும், அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டதும், ஒரு மாதமாக அவன் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததும். முன்பு என்றால் மூன்றாவது ரவுண்டிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

மே மாதக் கடைசியில் விடுப்பில் ஊருக்கு வந்தேன். 27-ம் தேதி சனிக்கிழமை காலை அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்துவிட்டது. செய்தியில் பார்த்திருப்பீர்கள். தெருவில் ஓடிய யானையைக் கண்டு ஊரே நடுங்கியது. 144 தடை உத்தரவு போட்டு, யாரும் வெளியே வர வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா தோட்டத்துக்குப் போக முடியாமல் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். டிவியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓடுவதை நேரலையாகக் காட்டினார்கள்.

மத்தியானம், செய்ய ஒன்றும் இல்லாமல் தம்பி கம்ப்யூட்டரைப் போட்டான். ஐந்து மாதப் பேட்ச் மொத்தமாக இறங்கியது. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நேராக ஆட்டத்துக்குப் போகாமல் பயிற்சி மைதானத்துக்குப் போனோம். அங்கே எதிரிகள் கிடையாது, திறன்களை வேண்டிய மட்டும் சோதித்துப் பார்க்கலாம். முதல் முறையாக அவன் புதிய சேம்பரைப் புதியவராகப் பார்த்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் அவன் கண்டுபிடித்தவை எனக்கு ஆச்சரியமாக இருந்தன. பழையவர் இரண்டு வளையத்தில் ஏதாவது ஒன்றின் அருகில் ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டும். புதியவர் 26 மீட்டருக்குள் எங்கு வேண்டுமானாலும் உலாவலாம், மாடியிலிருந்தும் திரும்பலாம். "கயிறு ஒண்ணுதான், ஆனா நீளக் கயிறு" என்றான். மூன்று இடங்களைக் காவல் காக்க வேண்டிய ஹேவன் மேப்பில் அது போதவே போதாது, பொறி தூங்கிவிடும். இரண்டு இடம் மட்டும் உள்ள மேப்பில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டால் பழையதைவிட நன்றாகவே இருக்கிறது.

அப்புறம் அந்த 0.7 விநாடி. ஹெட்ஹன்டரைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினால் தாமதமே கூடவில்லை! பேட்ச் குறிப்பில் ஒரு வரியில் இதைச் சொல்லியிருந்தார்கள். 0.7 என்ற எண்ணைப் பார்த்த கோபத்தில் நாங்கள் இருவருமே அந்த வரியைப் படிக்கவில்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான், எனக்குத்தான் வெட்கம்.

சாயங்காலம் நான்கு ஆட்டம் ஆடினோம். இரண்டு வெற்றி. மூன்றாவது ஆட்டத்தில் அவன் சீக்கிரம் செத்துப்போய், என் திரையைப் பார்த்துக்கொண்டே அந்த இரண்டு பேப்பரைப் பற்றி முழுதாகச் சொன்னான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "போன்ல எப்புடிண்ணே சொல்றது" என்றான். நான் ஸ்பைக்கைச் செயலிழக்கச் செய்துகொண்டிருந்தேன். ஏழு விநாடி ஆகும் வேலை. நான்காவது விநாடியில் கையை எடுத்துவிட்டேன், ரவுண்டு போயிற்று.

யானையை ஜூன் 5-ம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் நான் பெங்களூர் திரும்பியிருந்தேன். இரவு ஒன்பதரைக்கு ஹெட்செட்டில் குரல் வந்தது.

நீங்களும் ஆடிப் பார்க்க விரும்பினால்

விண்டோஸ் 10 அல்லது 11, 64 பிட் இருக்க வேண்டும். 4 ஜிபி ராம் இருந்தாலே ஓடும் என்கிறார்கள். 8 ஜிபி இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்கில் 40 ஜிபி-யாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். இதனுடன் வேன்கார்ட் என்ற மோசடித் தடுப்பு மென்பொருளும் சேர்ந்தே இன்ஸ்டால் ஆகும். அது விண்டோஸ் தொடங்கும்போதே தொடங்கிவிடும். அதை நீங்கள் நிறுத்திவிட்டால், மறுபடி ஆட கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். பயாஸில் போய் மாற்ற வேண்டிய விஷயம் இது. பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தவறாக மாற்றினால் விண்டோஸே தொடங்காமல் போகலாம். வைஃபை வேண்டாம், மோடத்திலிருந்து நேராக லேன் கேபிள் போடுங்கள். எங்கள் வீட்டில் இரவு நேரத் தடுமாற்றம் இதிலேயே பாதி குறைந்தது.

ஐரோப்பியத் தர நிர்ணயப்படி 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு இது. பெற்றோர்கள் பணம் போய்விடுமோ என்று பயப்படுவார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடை செய்தது, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை. வேலரன்ட்டில் பந்தயம் கிடையாது. ஆனால் துப்பாக்கிக்கு அலங்காரம் விற்கும் கடை உள்ளே இருக்கிறது. அதனால் குண்டு கூடுதலாகப் படாது, அழகுக்கு மட்டும்தான். புதிய ஏஜென்ட்டுகளையும் காசு கொடுத்துத் திறக்கலாம், பொறுமையாக ஆடியும் திறக்கலாம். ஆடித் திறந்துகொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஏஜென்ட்டை அடுத்த மாதம் மாற்றிவிட்டால் வயிறு எரியும்.

முதல் ஏஜென்ட்டாக சேஜை எடுங்கள். தொடக்கத்திலேயே எல்லோருக்கும் கிடைப்பவள். அவளையும் மாற்றியிருக்கிறார்கள். பனிச்சுவர் முன்பு எழுந்த கணமே முழு வலுவோடு நிற்கும், பிறகு அது இறுகச் சில விநாடி ஆகும்படி செய்துவிட்டார்கள். எழும்போதே சுட்டால் எளிதில் உடையும். இதனால் சுவரை முன்கூட்டியே போட நான் பழகிக்கொண்டேன். பேட்ச் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒன்று வரும். அன்றைக்கு நேராகப் போட்டி ஆட்டத்துக்குப் போகாதீர்கள். குறிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுப் பயிற்சி மைதானத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள்.

தம்பி அந்த இரண்டு பேப்பரையும் எழுதி முடித்து, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். சேம்பரில் அதன் பிறகும் மாற்றங்கள் வந்தன. அவன் பெரும்பாலும் கில்ஜாய்தான் ஆடுகிறான். அவளும் சென்டினல்தான், தானாகச் சுடும் ஒரு பொம்மைத் துப்பாக்கியை வைத்துக் காவல் காப்பாள். ஊரில் இருந்த டெஸ்க்டாப்பை அப்பா எடுத்துக்கொண்டார். திராட்சை விலை பார்க்கிறேன் என்கிறார். போன வாரம் போயிருந்தபோது சாலிட்டேர் திறந்திருந்தது.